இங்கோல்ஸ்டாட் மாணவன்

அச்சமூட்டும் கதைகளுக்கென்றே உலகெங்கும் சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இடுகாடு, பாழடைந்த கோட்டை, ஆளரவமற்ற காட்டுவழி, ஊர்ப்புறத்துப் புளியமரம் என்பன அவ்விடங்கள். ஐரோப்பாவிலே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பயங்கர நாவல்களும் பெரும்பாலும் பழங்கோட்டைகளையும் மடாலயங்களின் நிலவறைகளையுமே நாடிச் சென்றன. 1818ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலண்டனில் வெளியான நாவலொன்று இவ்வழக்கத்தை மாற்றியது. அது அச்சத்தைக் கொண்டுபோய் வைத்த இடம் ஒரு பல்கலைக்கழக நகரம். அந்நகரிலே ஒரு மாணவன் குடியிருந்த வீட்டின் மேல்மாடி அறை. மூன்று பாகங்களாக, ஐந்நூறு பிரதிகளே அச்சிடப்பட்டு, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அந்நூலின் பெயர் 'பிராங்கன்ஸ்டைன்' என்பதாகும்.

இப்பெயரைக் கேள்வியுறாதவர் மிகச் சிலரே. எனினும், கேள்வியுற்றோருட் பலர் இதனை ஒரு பூதத்தின் பெயரென்றே எண்ணியிருக்கின்றனர். நாவலில் வரும் அவ்வுருவத்துக்குப் பெயரே கிடையாது. பிராங்கன்ஸ்டைன் என்பது அதனைப் படைத்த மாணவனின் பெயர். படைத்தவன் பெயர் படைப்பின் மேல் ஏறிக்கொண்டமை உலக வழக்கில் நேர்ந்த ஒரு பிழையே. ஆனால் அப்பிழையினுள்ளே ஓர் உண்மையும் மறைந்து கிடக்கிறது. பிள்ளைக்குப் பெயரிடாது ஓடிப்போன தகப்பனின் பெயரை ஊரார் அப்பிள்ளைக்கே சூட்டிவிட்டனர் போலும்!

நூலை எழுதியவர் மேரி ஷெல்லி. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. 1797ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி அவர் பிறந்தார். பெண்களின் உரிமைக்காக 1792இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராப்டே அவருடைய தாய். மகளைப் பெற்ற சில நாட்களிற் பிரசவக் காய்ச்சல் அத்தாயைக் கொண்டுபோயிற்று. தந்தை வில்லியம் கொட்வின் அரசியற் சிந்தனையாளர். 1814இல் மேரி, கவிஞர் பேர்சி பிஷ் ஷெல்லியுடன் வீட்டை விட்டு வெளியேறினார். 1815ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குக் குறைமாதத்திற் பிறந்த பெண்குழந்தை சில நாட்களே உயிர் வாழ்ந்தது. இறந்த குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்த்துச் சூடேற்ற, அது மீண்டும் உயிர்பெற்றதாகத் தாம் கனவு கண்டதை மேரி தமது நாட்குறிப்பிற் பதிந்து வைத்திருக்கிறார். பெற்றவள் இறந்தாள்; பெற்றது இறந்தது. உயிரைத் தருதல் என்பது அப்பெண்ணுக்கு ஏட்டில் எழுதிய தத்துவமன்று. வாழ்வில் இருமுறை கண்ட துயரம்.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இன்று இந்தோனேசியாவுக்குரிய சும்பாவாத் தீவிலே தம்போரா என்னும் எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. அது வானிற் கக்கிய நுண்துகள்கள் உலகின் பல பாகங்களில் வெயிலை மறைத்தன. அடுத்த ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை என்னுமளவுக்குக் குளிரும் மழையும் நீடித்தன, பயிர்கள் அழிந்தன. அந்த 1816ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில், டியோடாட்டி மாளிகையில், கவிஞர் பைரனுடன் ஷெல்லியும் மேரியும் பொழுதைக் கழித்தனர். வெளியே செல்ல முடியாத மழை இரவுகளில் அவர்கள் பேய்க்கதைகளைப் படித்தனர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதவேண்டுமென்று பைரன் கூறினார். அவ்வழைப்பிலிருந்தே 'பிராங்கன்ஸ்டைன்' பிறந்தது.

அம்மாளிகையிற் கூடியிருந்தோரைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். பைரன் கேம்பிறிட்ஜில் கற்றவர். ஷெல்லி ஒக்ஸ்போர்ட்டுக்குச் சென்றவர். நாத்திகம் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தின் காரணமாக 1811இல் அங்கிருந்து விலக்கப்பட்டவர். பைரனின் வைத்தியராய் உடன் வந்த ஜோன் பொலிடோரி எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றவர். மேரிக்கோ எந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலும் திறந்திருக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1878ஆம் ஆண்டிலேயாம். அப்பொழுது மேரி மறைந்து 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. உயிரின் இரகசியத்தைப் பற்றியும், உயிரற்ற உடலை மீண்டும் இயக்க முடியுமா என்பதைப் பற்றியும் பைரனும் ஷெல்லியும் நெடுநேரம் உரையாடியபோது, தாம் பக்தியோடு கேட்டுக்கொண்டு ஏறக்குறைய மௌனமாக இருந்ததாக மேரி 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிற் கூறுகிறார். வகுப்பறைக்குள் நுழைய இயலாது வெளியே நின்று கேட்டவர் ஒருவரே பல்கலைக்கழகத்தைப் பற்றிய இக்கதையை எழுதினார் என்பது மனத்திற் கொள்ளத் தக்கது.

கதையின் நாயகன் விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஜெனீவா நகரத்துப் பெருங்குடியிற் பிறந்தவன். பதினேழாவது வயதில் அவன் உயர்கல்விக்காக ஜேர்மனியிலுள்ள இங்கோல்ஸ்டாட்டுக்கு அனுப்பப்படுகிறான். இது கற்பனை ஊரன்று. தன்யூப் நதிக்கரையில் பவேரியா நாட்டிலுள்ள இந்நகரிலே 1472ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1776இல் அங்கே சட்டப் பேராசிரியராயிருந்த அடம் வைஸ்ஹௌப்ட் என்பவர் 'இல்லுமினாட்டி' என்னும் இரகசியச் சங்கத்தை ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் அரசு அதனைத் தடைசெய்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கே அச்சங்கத்தார்தாம் வித்திட்டனர் என்று பாருவெல் என்னும் மதகுரு ஒரு பெருநூல் எழுதினார். அந்நூலை மேரியும் ஷெல்லியும் 1814இற் படித்திருக்கின்றனர். ஆகவே, இரகசிய அறிவும் அதனால் விளையும் பேராபத்தும் என்றதும் மேரியின் நினைவுக்கு இங்கோல்ஸ்டாட் வந்தமை வியப்பன்று. பல்கலைக்கழகமோ 1800இல் லான்ட்ஷூட் நகருக்கும், பின்னர் 1826இல் மியூனிக் நகருக்கும் பெயர்ந்துவிட்டது. நாவல் வெளிவந்தபோது இங்கோல்ஸ்டாட்டிற் பல்கலைக்கழகமே இருக்கவில்லை. ஆயினும், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த அதன் உடற்கூற்று மண்டபம் அழியாது நிற்கிறது. இப்பொழுது அஃது வைத்திய வரலாற்று நூதனசாலையாக விளங்குகிறது.

விக்டர் பல்கலைக்கழகத்துக்கு வரும்போது அவன் உள்ளம் இரு சுமைகளைத் தாங்கி வருகிறது. புறப்படுவதற்குச் சற்று முன்னரே அவன் தாய் செங்காய்ச்சலால் இறந்துவிட்டாள்; இது முதலாவது. கொர்னேலியஸ் அகிரிப்பா, பரசெல்சஸ், அல்பேர்ட்டஸ் மக்னஸ் ஆகிய பழைய இரசவாதிகளின் நூல்களைச் சிறுவயதில் ஆசானின்றித் தானே கற்றிருந்தான், இது இரண்டாவது. அங்கே அவன் இரு பேராசிரியர்களைச் சந்திக்கிறான். இயற்கைத் தத்துவம் கற்பிக்கும் கிரெம்பெ, அவன் படித்த நூல்களின் பெயர்களைக் கேட்டதும் எள்ளி நகையாடுகிறார். அவற்றிற் செலவிட்ட ஒவ்வொரு நிமிடமும் வீணே என்கிறார். இரசாயனப் பேராசிரியர் வால்ட்மனோ இனிய முகத்தினர். பழையவர்கள் பெரிதாக வாக்களித்துச் சிறிதும் செய்யாது போனார்கள் என்றும், தற்காலத்தவர் அடக்கமாகப் பேசி அற்புதங்களை நிகழ்த்துகின்றனர் என்றும் அவர் உரைக்கிறார். அவ்வுரையே மாணவனின் ஊழைத் தீர்மானிக்கிறது. ஒருவர் தூற்றினார், மற்றவர் ஊக்கினார். தாயை இழந்து வந்த இவ்விளைஞன் ஏன் இத்தகைய நூல்களைத் தேடினான், அவன் உள்ளத்தை அரிப்பது யாது என்று இருவரும் வினவினாரல்லர்.

முதல் இரண்டு ஆண்டுகளில் விக்டர் ஆசிரியர் மெச்சும் மாணவனாகிறான். அதன்பின் உயிரின் தோற்றத்தை ஆராயத் தலைப்படுகிறான். பிணவறைகளில் இரவுகளைக் கழித்து, உடல் அழியும் முறையை நுணுகி நோக்கி, உயிரூட்டும் வழியைக் கண்டுபிடிக்கிறான். வீட்டின் உச்சியில், ஏனைய அறைகளினின்றும் படிக்கட்டினாலும் நடைக்கூடத்தினாலும் பிரிக்கப்பட்ட தனியறை அவனுடைய ஆய்வுகூடமாகிறது. பிணவறைகளிலிருந்தும், உடல்களை அறுத்தாராயும் கூடங்களிலிருந்தும், இறைச்சிக் கூடங்களிலிருந்தும் அவன் உறுப்புக்களைச் சேகரிக்கிறான். நுண்ணிய பகுதிகளை இணைத்தல் கடினமாகையால் எட்டடி உயரமுள்ள உருவமொன்றை அமைக்கிறான். மாரி, வசந்தம், கோடை யாவும் வந்து போகின்றன. அவன் அவற்றைக் காணவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதவும் மறக்கிறான். கடிதம் நின்றதைக் கண்டு, மகன் ஏனைய கடமைகளையும் மறந்திருக்கிறான் என்று ஜெனீவாவிலிருந்த தந்தை ஐயுறுகிறார். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த தகப்பனுக்குத் தோன்றிய இவ்வையம் அடுத்த தெருவிலிருந்த பேராசிரியர் எவருக்கும் தோன்றவில்லை.

இவையெல்லாம் அக்கால வாசகருக்கு வெறுங் கட்டுக்கதையாகத் தோன்றியிருக்க மாட்டா. இத்தாலியின் பொலோஞா நகரில் லூயிஜி கல்வானி, தவளையின் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு 1791இல் வெளியிட்டார். அவருடைய மருகர் ஜொவான்னி அல்டினி 1803ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலண்டனிலே, தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவனின் பிரேதத்தில் மின்கலத்தைப் பொருத்திக் காட்டினார். தாடை நடுங்கிற்று, ஒரு கண் திறந்தது, கை முட்டி பிடித்து உயர்ந்தது. கூடியிருந்தோரிற் சிலர் இறந்தவன் எழுந்துவிடுவானோ என்று திகைத்தனர். மறுபுறத்தில், வைத்திய மாணாக்கர் கற்பதற்கு உடல்கள் போதவில்லை. 1752ஆம் ஆண்டுச் சட்டப்படி தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடல்கள் அறுத்தாராயக் கொடுக்கப்பட்டன. பற்றாக்குறையைப் பிரேதத் திருடர் புதைகுழிகளைத் தோண்டி நிரப்பினர். நாவல் வெளிவந்து பத்து ஆண்டுகளின்பின், 1828இல், எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் அதற்கும் அப்பாற் சென்றனர். பதினாறு பேரைக் கொன்று, அவ்வுடல்களை டொக்டர் நொக்ஸ் நடத்திய உடற்கூற்றுப் பாடசாலைக்கு விற்றனர். வாங்கியவர்கள் அதிகம் விசாரிக்கவில்லை. பேர்க் 1829இல் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய எலும்புக்கூடு எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று நூதனசாலையில் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. உடல்களைப் பெறுவதற்கு ஒழுங்கான வழிவகுத்த சட்டம் 1832இல் நிறைவேறிற்று. மேரி கற்பனையில் எழுப்பிய வினாவை எடின்பரோவின் நிகழ்ச்சி நாட்டின் முன்னே வைத்துவிட்டது எனலாம். மேசைமேற் கிடக்கும் உடல் எங்கிருந்து வந்தது என்று கேட்காத கல்வி எத்தகைய கல்வி?

நவம்பர் மாதத்து இருண்ட இரவொன்றில், மழைத்துளிகள் யன்னலிற் தட்டிக்கொண்டிருக்க, மெழுகுவர்த்தி எரிந்து அணையுந் தறுவாயில், விக்டரின் படைப்பு கண் திறக்கிறது. மங்கிய மஞ்சட் கண்; சுருங்கிய தோல்; கருத்த உதடுகள். அழகிய உறுப்புக்களைத் தேர்ந்தெடுத்து இணைத்தவன் அவற்றின் கூட்டத்தைக் கண்டு அருவருத்து அறையைவிட்டு ஓடுகிறான். பின்னர் படுக்கையில் விழித்துப் பார்க்கும்போது அவ்வுருவம் திரையை விலக்கி அவனை நோக்கி நிற்கிறது. ஏதோ ஒலியெழுப்புகிறது, கையை நீட்டுகிறது. மீண்டும் அவன் ஓடிவிடுகிறான். பிறந்த குழந்தை தாயை நோக்கிக் கை நீட்டுவது போன்ற அச்செய்கையை அவன் அச்சுறுத்தலாகவே கொண்டான். நாவலின் பயங்கரம் அனைத்தும் இவ்விடத்தில் வித்தாகின்றது. பிணத்துக்கு உயிர் வந்தமை அற்புதம். உயிர் வந்தபின் அதனைக் கைவிட்டமையே குற்றம்.

மறுநாட் காலையில் அவன் நண்பன் கிளேவல் வந்து சேர்கிறான். அறை வெறுமையாயிருப்பதைக் கண்ட விக்டர் மகிழ்ச்சி மிகுதியாற் பித்தன்போற் சிரித்து, நோயில் விழுந்து, பல மாதங்கள் கிடக்கிறான். தான் செய்ததை எவருக்கும் சொல்லவில்லை. உடல் தேறியபின் நண்பனைப் பேராசிரியர்களிடம் அழைத்துச் செல்கிறான். வால்ட்மன் அவனுடைய விஞ்ஞானத் தேர்ச்சியை வாயாரப் புகழ்கிறார். முன்னர் எள்ளிய கிரெம்பெயும் உரத்த குரலிற் பாராட்டுகிறார். அப்பாராட்டுக்கள் ஒவ்வொன்றும் விக்டரைச் சித்திரவதை செய்கின்றன. அவன் முகம் வாடுவதைக் காணும் வால்ட்மன் அதனை அடக்கமென்று எண்ணிப் பேச்சை மாற்றுகிறார். பேயுமில்லை, பிணமுமில்லை, பட்டப்பகலில், நல்லவர்களான ஆசிரியர்கள் நடுவே நிகழும் இச்சிறு காட்சி நாவலில் மிகுந்த நடுக்கந் தருவது. தலைசிறந்த மாணவனென்று அவனை எல்லோரும் அறிந்திருந்தனர். அவன் என்ன செய்தான் என்பதை ஒருவரும் அறிந்திலர்.

கைவிடப்பட்ட உருவத்துக்கும் ஒரு கல்வி கிடைக்கிறது. காட்டுக்குள் அலைந்த அது, ஒரு குடிசையை அடுத்த சிறு கொட்டிலில் ஒளிந்து வாழ்கிறது. குடிசையில், கண் பார்வையற்ற டி லேசி என்னும் முதியவரும் அவருடைய மகனும் மகளும் வறுமையில் வாழ்கின்றனர். சுவரின் சிறு துவாரத்தின் வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்து அது பேசக் கற்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்த பெண்ணொருத்திக்கு அவர்கள் மொழி கற்பிக்கையில், அப்பாடங்களை மறைவிலிருந்து தானுங் கேட்டு எழுத்தறிவு பெறுகிறது. காட்டிற் கிடைத்த தோற்பெட்டியொன்றிலிருந்த மூன்று நூல்களைப் படிக்கிறது. அவை மில்டனின் 'சுவர்க்க நீக்கம்', புளூட்டார்க்கின் வரலாறுகள், கதேயின் 'வெர்தர்' என்பன. அவற்றிலிருந்து முறையே படைப்பைப் பற்றியும், அறத்தைப் பற்றியும், அன்பின் துயரத்தைப் பற்றியும் சிந்திக்கிறது. பல்கலைக்கழகத்தில் அமர்ந்து கற்றவன் இயற்கையை வெல்லும் வழியைக் கற்றான். சுவருக்கு அப்பால் நின்று கேட்டது மனிதரை நேசிக்கக் கற்றது. அக்குடும்பத்துக்காக இரவில் விறகு வெட்டிக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறது.

இக்கல்வியின் இறுதிப் பாடம் மிகக் கொடியது. விக்டரின் அறையிலிருந்து எடுத்து அணிந்த மேலாடையின் பையிலே சில தாள்கள் இருந்தன. வாசிக்கத் தெரிந்தபின் அவற்றை அது வாசிக்கிறது. அவை அதனைப் படைத்த நான்கு மாதங்களின் ஆய்வுக் குறிப்புக்கள்! தான் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையும், ஆக்கியவன் தன்னை எவ்வளவு வெறுத்தான் என்பதையும் ஒரு மாணவனின் கையெழுத்திலே படித்து அறிகிறது. அதன்பின்னும் நம்பிக்கை இழக்காமல், பார்வையற்ற முதியவர் தனித்திருக்கும் வேளையில் உள்ளே சென்று பேசுகிறது. அவர் அன்போடு செவிமடுக்கிறார். அதற்குள் மகன் திரும்பிவந்து, அதன் தோற்றத்தைக் கண்டு வெகுண்டு, தடியால் அடிக்கிறான். அது திருப்பி அடிக்கவில்லை. தன் கொட்டிலுக்கு ஓடி ஒளிகிறது. கண்ணில்லாதவர் கண்ட மனிதனைக் கண்ணுள்ளவர் எவருங் கண்டிலர்.

பின்னர் நிகழ்வனவெல்லாம் துன்பமே. விக்டரின் இளைய தம்பி வில்லியம் கொல்லப்படுகிறான். குற்றமற்ற பணிப்பெண் ஜஸ்டின் அதற்காகத் தூக்கிலிடப்படுகிறாள். உண்மை தெரிந்திருந்தும், சொன்னாற் பைத்தியக்காரன் என்பார்களென்று விக்டர் வாய் திறக்கவில்லை. அல்ப்ஸ் மலையின் பனிப்பரப்பிலே படைத்தவனும் படைப்பும் சந்திக்கின்றனர். தனக்கு ஒரு துணையைப் படைத்துத் தந்தால் மனிதர் கண்ணிற் படாது தொலைதூரம் போய்விடுவதாக அது வேண்டுகிறது. முதலில் இசைந்த விக்டர், பின்னர் ஸ்கொட்லாந்தின் வடக்கிலுள்ள ஓர்க்னித் தீவொன்றில் அரைகுறையாகச் செய்த பெண்ணுருவைச் சிதைத்து விடுகிறான். நண்பன் கிளேவலும், மணமான அன்றிரவே மனைவி எலிசபெத்தும் கொல்லப்படுகின்றனர். துயரத்தால் தந்தை மாய்கிறார். பழிதீர்க்கத் துரத்திச் சென்ற விக்டர் வடதுருவப் பனிக்கடலிலே, வோல்ட்டன் என்னும் கப்டனின் கப்பலில், தன் கதையைக் கூறி இறக்கிறான். அவன் உடலருகே நின்று புலம்பும் உருவம், தன்னையே தீக்கு இரையாக்கப் போவதாகக் கூறிப் பனிப்பாறையொன்றில் ஏறி இருளில் மறைகிறது.

இக்கதை மேடைக்கும் திரைக்கும் சென்றபோது அதன் பொருள் மாறிற்று. 1823இலேயே இலண்டனில் இது நாடகமாக நடிக்கப்பட்டது. 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கி, போரிஸ் கார்லொப் நடித்த திரைப்படமே உலகெங்கும் பரவிற்று. அப்படத்திலும் ஒரு வைத்தியக் கல்லூரி வருகிறது. அங்கே விரிவுரை மண்டபத்தில் வைத்திருந்த இரு மூளைகளில் நல்ல மூளையைத் தவறவிட்டு, குற்றவாளியின் மூளையை உதவியாளன் திருடிச் செல்கிறான். அதுவே அவ்வுருவத்திற் பொருத்தப்படுகிறது. இச்சிறு மாற்றத்தால் பழி முழுவதும் மூளையின்மேல் விழுந்துவிட்டது. பிறவியே கெட்டது என்றாற் கைவிட்டவனைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மேரியின் நாவலில் கெட்ட மூளை என்ற பேச்சே இல்லை. தான் நல்லவனாகவே இருந்ததாகவும், துயரமே தன்னைக் கொடியவனாக்கிற்று என்றும் அவ்வுருவம் வாதிடுகிறது. அது புரிந்த கொலைகளை நாவல் மன்னிக்கவில்லை. ஆயினும் அவ்வாதத்தை முழுமையாகக் கேட்கும்படி வாசகரை அமர்த்துகிறது.

பஞ்சதந்திரத்திலே இதனையொத்த கதையொன்று உண்டு. கற்றவர் மூவரும் கல்லாத ஆனால் புத்தியுள்ள ஒருவனும் காட்டுவழியே செல்கையில் இறந்த சிங்கத்தின் எலும்புகளைக் காண்கின்றனர். ஒருவன் எலும்பைக் கூட்டுகிறான். மற்றவன் தசையும் தோலும் அமைக்கிறான். மூன்றாமவன் உயிர் கொடுக்க முனைகிறான். நான்காமவன் தடுத்துப் பார்த்து, பயனில்லையெனக் கண்டு மரத்தில் ஏறிக்கொள்கிறான். உயிர்பெற்ற சிங்கம் மூவரையும் கொன்றுவிடுகிறது. கல்வியினும் புத்தியே பெரிதென்பது அக்கதையின் நீதி. மேரியின் கதை அங்கே நின்றுவிடவில்லை. சிங்கம் தன் இயல்பினாற் கொன்றது. அதற்கு எவரும் பெயரிட வேண்டியதில்லை, பேச்சுக் கற்பிக்க வேண்டியதில்லை. விக்டரின் படைப்போ அன்பை வேண்டி நின்றது. ஆகையால், ஆக்கலாமா கூடாதா என்ற வினாவோடு, ஆக்கியபின் அதற்கு என்ன கடமை உண்டு என்ற வினாவையும் மேரி எழுப்புகிறார். மரத்தில் ஏறித் தப்பிக்கொள்ளும் புத்தி இரண்டாவது வினாவுக்கு விடையாகாது.

அவ்வினா 1818ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி, சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மைதானத்துப் பார்வையாளர் மேடையின் கீழே, என்றிக்கோ பெர்மியின் தலைமையில் முதலாவது செயற்கை அணுத்தொடர்த்தாக்கம் நிகழ்த்தப்பட்டது. அதுவும் பூட்டிய அறைக்குள் நடந்த ஆராய்ச்சியே. ஆனால் அங்கே சிலர் வாய் திறந்தனர். 1945ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஜேம்ஸ் பிராங்க் தலைமையிலான குழுவினர், முன்னறிவித்தலின்றி யப்பான் மீது அணுக்குண்டை வீசலாகாதென அறிக்கை சமர்ப்பித்தனர். அடுத்த மாதம் லியோ சிலாட் வரைந்த விண்ணப்பத்தில் எழுபது விஞ்ஞானிகள் கையொப்பமிட்டனர். அவர்கள் குரல் எடுபடவில்லை. ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவிலும் 9ஆந் திகதி நாகசாக்கியிலும் குண்டுகள் விழுந்தன. முப்பது ஆண்டுகளின் பின் வேறொரு முயற்சி பயன் தந்தது. உயிரணுக்களின் பரம்பரைக் கூறுகளை வெட்டி இணைக்கும் முறை கைவந்த வேளையில், அதனைக் கண்டறிந்த ஆய்வாளர்களே 1974இற் சில பரிசோதனைகளை நிறுத்திவைக்கும்படி வேண்டினர். 1975ஆம் ஆண்டு பெப்ரவரியில் கலிபோர்ணியாவின் அசிலமார் என்னுமிடத்திற் கூடி, பாதுகாப்புக்கான வரையறைகளைத் தாமே வகுத்தனர். விக்டர் தன் அறையிற் தனியே மூடிவைத்த கேள்வியை அவர்கள் சபை நடுவே எடுத்து வைத்தனர்.

'பிராங்கன்ஸ்டைன்' விஞ்ஞானத்துக்கு எதிரான நூல் என்று சிலர் கூறுவதுண்டு. நூலை ஊன்றிப் படிப்போர் அவ்வாறு கூறார். மேரி விஞ்ஞானத்தை மதித்தவர். இந்நாவலை எழுதிய காலத்தில் ஹம்பிரி டேவியின் இரசாயன நூலைப் படித்தவர். வால்ட்மன் கற்பித்ததிற் பிழை இல்லை. வகுப்பறையிற் கற்பித்ததோடு தம் கடமை முடிந்ததென்று ஆசிரியர் எண்ணினர். கண்டுபிடித்ததோடு தன் கடமை முடிந்ததென்று மாணவன் எண்ணினான். அவ்விரு எண்ணங்களுக்கும் நடுவே ஓர் உயிர் அநாதையாயிற்று. கூரிய அறிவுடைய இளைஞன் ஒருவன் மெலிந்து, உறக்கமிழந்து, நண்பரைத் தவிர்த்து, கதவை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாழும்போது, அவனுடைய தேர்ச்சியை மட்டும் பார்த்து மகிழும் எந்தக் கல்விக்கூடமும் இங்கோல்ஸ்டாட்டின் நிழலிலேயே நிற்கிறது.

விக்டரின் மரணப் படுக்கையில் மேரி எழுதிய சொற்கள் எளிதான நீதியைத் தர மறுக்கின்றன. அமைதியிலே இன்பத்தைத் தேடும்படியும் பேராசையைத் தவிர்க்கும்படியும் அவன் வோல்ட்டனுக்கு உபதேசிக்கிறான். உடனேயே, தான் தோற்ற இடத்தில் இன்னொருவன் வெல்லவும் கூடுமென்கிறான். தன் கடந்தகால நடத்தையிற் குற்றமெதனையும் காணவில்லை என்றுங் கூறுகிறான். இறக்கும்வரை அவன் தன் பாடத்தைக் கற்று முடிக்கவில்லை. வோல்ட்டனோ, உயிருக்கஞ்சிய மாலுமிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, புகழுக்கான தன் பயணத்தைக் கைவிட்டுக் கப்பலைத் திருப்புகிறான். அவனுக்கும் அது கசப்பாகவே இருந்தது. ஆயினும் அவனுடைய கப்பலிற் கூட வந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கேட்டார்கள், அவன் செவிசாய்த்தான். இங்கோல்ஸ்டாட்டின் மேல்மாடி அறையிலே, மெழுகுவர்த்தியின் முன் நின்ற மாணவனுக்கு அத்தகைய ஒருவரும் இருக்கவில்லை.